இரண்டாவது காய்ச்சல்

முதல் காய்ச்சல் கப்பலேறிப் போய்விட்டதென்றுதான்
மர்சூக் நினைத்தான்.
ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்தான்.
ஆறாம் நாள் மீன் லொறிக்கு ஐஸ் ஏற்றினான்.
ஏழாம் நாள் இரவு, கிண்ணியாப் பாலத்தில்,
பல் கிட்டி நடுங்கியதாம்.
ஸ்டியரிங்கை விட்டால் கடல், அதனால் விடவில்லையாம்.
மனைவி இதைச் சொன்னது என்னிடமல்ல,
சளிக் குப்பியை நீட்டிக்கொண்டு
ஆய்வுகூடக் கதவிடம்.

குப்பியில் துருவின் நிறம்.

வாடைக்காற்று யன்னலை உலுக்குகிறது.
உட்துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
விடியும்வரை விளக்கணைக்காது.
நான் கண்ணாடித் துண்டில் பூசிச் சுடரில் காட்டுகிறேன்.
ஊதா, அயடீன், மதுசாரம், சிவப்பு.
பிறகு ஒரு துளி எண்ணெய்.

அங்கே, இரண்டிரண்டாய், முனை கூர்ந்து,
ஊதா.
ஒவ்வொரு சோடியைச் சுற்றியும்
சாயம் ஒட்டாத ஒரு வெளிச்ச வளையம்.

இவை எங்கிருந்தும் படையெடுத்து வரவில்லை.
மர்சூக்கின் மூக்குக்குள்ளேயே
வாடகையும் கொடாமல் வம்பும் செய்யாமல்
வருடக்கணக்காய்க் குடியிருந்தவை.
வைரசுதான் வழி வெட்டிக் கொடுத்தது.
மேலே, மேலே என்று
சளியைத் தள்ளிக்கொண்டிருந்த பிசிர்களைச்
சுனாமி வேலியைப் பிடுங்கியதுபோல் பிடுங்கிற்று.
குழியங்களின் மேல் பூசியிருந்த சீனியைச் சுரண்டிக்
கீழே சிந்திவிட்டுப் போயிற்று.
பசித்தவை சீனியின் தடம் பிடித்து இறங்கின.

அப்போது தின்குழியங்கள் எங்கே?

இந்த ஊரில் பாதுகாப்பு என்ற சொல்லை
நான் இலேசில் நம்புவதில்லை.
பாதுகாப்பென்றால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பது,
அடையாள அட்டையை முகத்துக்கு நேரே பிடிப்பது,
பெயரை இரண்டு தரம் சொல்வது.
ஆனாலும் அந்தச் சிற்றறைகளில்
தூசியையும் கரியையும் மாவையும் தின்றபடி
சத்தமின்றி ஊர்ந்து திரியும் அந்தக் காவலரை
எனக்குப் பிடிக்கும்.
யாரையும் இறக்கி நடக்கவிடாதவர்கள்.

வைரசோடு மல்லுக்கட்டிப் பாதிப்பேர் செத்தார்கள்.
மீதிப்பேருக்கு வாய் கட்டு.
கட்டியது எதிரியல்ல:
வைரசை விரட்ட உடம்பே ஊதிய சங்கு
அவர்களின் காதில் விழுந்து,
கண்முன்னே போகிறவனைப் பிடிக்கவும்
கை எழவில்லை.
பிந்தி வந்த வெண்குழியங்களோ
காப்பாற்ற வந்த கூட்டமாய் அறையை அடைத்தன.
எக்ஸ்ரேயில் வலது கீழ்மடல்
சுண்ணாம்படித்த சுவர்.
காற்றுக்கு நிற்க இடமில்லை.

வார்ட்டுக்கு அடித்தேன்.
மிஸ் ஃபிலோமினா எடுத்தாள்.
டொக்டர் விஜேகோன் ஊசியை ஏற்கெனவே தொடங்கிவிட்டாராம்,
என் பதிலுக்குக் காத்திருக்காமல்.
நல்லது, என்றேன்.
சிறிது கோபமும் வந்தது.

இரத்தத் தட்டில் சளியைக் கீறினேன்.
பிறகு, யாரும் பார்க்காதபோது,
என் மூக்கிலும் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டு
இன்னொரு தட்டில் கீறினேன்.
போன கிழமை எனக்கும் அதே காய்ச்சல்தான்.
ஆளில்லையென்று ஐந்தாம் நாளே வரச்சொன்னார்கள்.
இரண்டு தட்டையும் போத்தலுக்குள் அடுக்கி
மெழுகுதிரி கொளுத்தி மூடினேன்.
சுடர் தன் மூச்சைத் தானே தின்று அணைந்தது.
அந்த மிச்சக் காற்றுத்தான் அவற்றுக்குப் பிடிக்கும்.

மறுநாள் மாலை
இரண்டிலும் பச்சை வளையம்.
நாமம் எழுதிய ஒட்டுத்தாளைக் கழற்றினால்
எது மர்சூக், எது பரமேஸ்வரி என்று
நானே சொல்லமாட்டேன்.

மூன்றாம் வார்ட்டில் அவன்
ஒட்சிசன் முகமூடியை ஒதுக்கி
ஐஸ் உருகியிருக்குமே என்கிறானாம்.
காய்ச்சல் இன்னும் நூற்றிரண்டு.

வாசலில் மான் ஒன்று
யாரோ எறிந்த மருந்துத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது.
நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு படியேறினேன்,
பாதிப்படியில் நின்று
ஒரு நிமிடம் என் மூச்சை எண்ணினேன்.
பதினெட்டு.
திரும்ப எண்ணினேன்.